அடுத்த பிராசஸருக்காகக் காத்திருப்பதா, இப்போதே கேமிங் பிசி வாங்குவதா?

கேமிங் பிசி ஒன்றை அசெம்பிள் செய்ய நினைப்பவரை இப்போது மூன்று செய்திகள் ஒரே நேரத்தில் எதிரெதிர்ப் பக்கம் இழுக்கின்றன. இன்டெலின் அடுத்த டெஸ்க்டாப் பிராசஸரான நோவா லேக் 2026 இறுதியில் வரும் என்று அந்நிறுவனமே சொல்லியிருக்கிறது. ஏஎம்டியும் தன் ரைசன் பிராசஸர்களின் அடுத்த வடிவமைப்பான ஜென் 6 பற்றிப் பேசத் தொடங்கிவிட்டது. இவை இரண்டும் 'பொறு' என்கின்றன. 2025 கடைசியில் தொடங்கிய ரேம் விலையேற்றமோ 'பொறுக்காதே' என்கிறது. கோலாலம்பூர் லோ யாட் பிளாசாவுக்குப் போய், நாலு கடையில் விலை எழுதி வாங்கி, ஒரு வாரம் வீட்டில் வைத்து யோசித்துவிட்டுத் திரும்பிப் போவது நம்மவர்கள் வழக்கம். ரேம் விஷயத்தில் அந்த ஒரு வாரத்துக்கும் காசு கொடுக்க வேண்டியிருக்கிறது.

குழப்பத்துக்குக் காரணம், எல்லோரும் கேள்வியைப் பிராசஸரின் பெயரிலிருந்து தொடங்குவதுதான். பிசியில் பிற்பாடு மாற்றுவதற்குச் சுலபமான பாகங்களில் பிராசஸரும் ஒன்று. கூலரைக் கழற்றி, நெம்புகோலைத் தூக்கி, பழையதை எடுத்துப் புதியதை வைத்தால் அரை மணி நேர வேலை. நம்மை ஆண்டுக்கணக்கில் கட்டிப்போடுபவை வேறு: மதர்போர்டின் சாக்கெட், ரேமின் தலைமுறை, பவர் சப்ளை, கேசிங். இவற்றைச் சரியாக வாங்கிவிட்டால் எந்தப் பிராசஸர் எப்போது வருகிறது என்ற கவலை பாதி குறைந்துவிடும்.

ஒரு சொல் குறிப்பு: நம் நாட்டுச் செய்திகளில் 'செயலி' என்றால் கைப்பேசி ஆப் என்றே பலர் புரிந்துகொள்கிறார்கள். அதனால் இங்கே பிராசஸர் என்றே எழுதப்பட்டிருக்கிறது.

ஒரு ஃப்ரேமுக்குப் பின்னால்

விளையாட்டில் திரையில் தோன்றும் ஒவ்வொரு ஃப்ரேமுக்கும் இரண்டு பாகங்கள் உழைக்கின்றன. எதிராளி எங்கே நிற்கிறான், குண்டு எதில் பட்டது, எந்தெந்தப் பொருளை வரைய வேண்டும் என்று கணக்கிட்டு பிராசஸர் ஒரு பட்டியல் தயாரிக்கிறது. அந்தப் பட்டியலை வாங்கி கிராபிக்ஸ் கார்டு படமாக வரைகிறது. இருவரில் யார் மெதுவோ, அவர் வேகமே உங்கள் வேகம்.

நொடிக்கு 60 ஃப்ரேம் வேண்டுமென்றால் ஒரு ஃப்ரேமுக்கு 16.7 மில்லிநொடி கிடைக்கும். 144 ஃப்ரேம் என்றால் 6.9 மில்லிநொடிதான். திரையின் தெளிவு கூடும்போது கிராபிக்ஸ் கார்டின் சுமை ஏறுகிறது: 1080பி திரையில் ஏறத்தாழ 20.7 லட்சம் புள்ளிகள், 1440பி திரையில் 36.9 லட்சம், 4கே திரையில் 82.9 லட்சம். பிராசஸரின் பட்டியலோ திரை பெரிதானாலும் சிறிதானாலும் ஏறக்குறைய அதே நீளம்தான். ஆகவே பிராசஸர் பற்றிய முதல் கேள்விக்கு உங்கள் மானிட்டர்தான் பதில் சொல்ல வேண்டும். 4கேயில் 60 ஃப்ரேமில் கதை விளையாட்டு ஆடுபவருக்கு நடுத்தரப் பிராசஸர் போதும். 1080பியில் 240 ஹெர்ட்ஸ் மானிட்டர் வைத்துப் போட்டி விளையாட்டு ஆடுபவருக்கு வேகமான பிராசஸர்தான் உயிர்.

இப்போதுள்ள பிசியில் எது தடை என்று வீட்டிலேயே பார்க்கலாம். வழக்கமாக ஆடும் விளையாட்டில் ஓர் இடத்தில் நின்று ஃப்ரேம் எண்ணிக்கையைக் குறித்துக்கொள்ளுங்கள். பிறகு அமைப்பில் போய்த் தெளிவை ஒரு படி குறையுங்கள். எண்ணிக்கை நன்றாக ஏறினால் தடை கிராபிக்ஸ் கார்டு. அசையாமல் நின்றால் தடை பிராசஸர், அல்லது அதற்குத் தீனி போடும் ரேம். இந்த ஐந்து நிமிடச் சோதனையைச் செய்யாமல் பிராசஸருக்குப் பணம் கட்டுபவர்கள் ஏராளம்.

எக்ஸ்3டி என்ற மூன்று எழுத்து

பிராசஸருக்கு வேண்டிய தகவல் ரேமில் இருக்கிறது. அதைக் கேட்டு வாங்க ஏறத்தாழ 70, 80 நானோநொடி ஆகும். பிராசஸரின் உள்ளேயே இருக்கும் கேஷ் நினைவகத்தின் கடைசிப் படியான எல்3 கேஷிலிருந்து எடுத்தால் சுமார் 10 நானோநொடிதான். விளையாட்டு என்பது ஆயிரக்கணக்கான சின்னச் சின்னத் தகவல்களைத் திரும்பத் திரும்பக் கேட்கும் வேலை. எனவே கேஷ் பெரிதாக இருந்தால் ரேமுக்கு ஓடும் தடவைகள் குறையும்.

ஏஎம்டியின் எக்ஸ்3டி பிராசஸர்கள் செய்வது இதைத்தான். ரைசன் 7 9800எக்ஸ்3டியில் வழக்கமான 32 எம்பி எல்3 கேஷோடு, தனிச் சில்லாக இன்னும் 64 எம்பி சேர்த்து மொத்தம் 96 எம்பி. முந்தைய 7800எக்ஸ்3டியில் இந்தக் கூடுதல் சில்லு, கணக்கிடும் அலகுகளான கோர்களின் மேல் உட்கார்ந்திருந்தது. கோரின் சூடு கேஷ் சில்லைத் தாண்டித்தான் கூலருக்குப் போக வேண்டும், அதனால் வேகத்தை அடக்கியே வைத்தார்கள். 9800எக்ஸ்3டியில் கேஷைக் கீழே தள்ளிக் கோர்களை மேலே கொண்டுவந்தார்கள். சூடு நேராகக் கூலருக்குப் போவதால் வேகத்தையும் உயர்த்த முடிந்தது. எட்டே கோர் கொண்ட பிராசஸர், அதைவிட அதிகக் கோர் கொண்டவற்றை விளையாட்டில் முந்துவதன் காரணம் இந்தக் கேஷ்தான். விளையாட்டுக்கு வாங்கும்போது கோர் எண்ணிக்கையைப் பார்த்து மயங்க வேண்டியதில்லை.

இந்தச் சில்லுகள் நமக்கு அந்நியமானவையும் இல்லை. பல ரைசன் பிராசஸர்களின் உலோக மூடியை வெளிச்சத்தில் சாய்த்துப் பிடித்தால், சில்லு உருவானது தைவானில், தயாரானது மலேசியாவில் என்று பொடி எழுத்தில் தெரியும். சிலிக்கனை தைவானின் டிஎஸ்எம்சி வார்க்கிறது. அதை அடித்தட்டில் பொருத்திச் சோதிக்கும் வேலை பினாங்கில் நடக்கிறது. இன்டெல் 1972இல் பாயான் லெப்பாசில் தொடங்கியதுதான் அமெரிக்காவுக்கு வெளியே அதன் முதல் ஆலை. ஏஎம்டியும் அதே ஆண்டுகளில் அங்கே வந்தது. 2016இல் சீனாவின் தோங்ஃபு நிறுவனத்தோடு கூட்டாகி, அந்த ஆலை இன்றும் ஓடுகிறது. பினாங்குத் தமிழ்க் குடும்பங்களில் 'பேக்டரி வேலை' என்று மூன்று தலைமுறையாகச் சொல்லிவந்ததில் ஒரு பகுதி இந்த மூடிக்குள் இருக்கிறது.

சாக்கெட்டே முதல் முடிவு

சாக்கெட் என்பது மதர்போர்டில் பிராசஸர் உட்காரும் இருக்கை. அதன் வடிவம் மாறினால் மதர்போர்டை மாற்ற வேண்டும், சில சமயம் ரேமையும். அதனால் சாக்கெட்டின் மிச்ச ஆயுளைப் பார்த்து வாங்குவது புத்திசாலித்தனம்.

1. ஏஎம்5. ஏஎம்டியின் சாக்கெட், 2022 செப்டம்பரில் வந்தது. ரேமின் புதிய தலைமுறையான டிடிஆர்5 மட்டுமே ஏற்கும். 2027 வரையும் அதற்கு மேலும் ஆதரவு தொடரும் என்று ஏஎம்டி 2024இல் அறிவித்தது. இதற்கு முந்தைய ஏஎம்4 என்ன செய்தது என்று பார்த்தால் இந்த வாக்கின் மதிப்பு புரியும். 2017இல் பி350 மதர்போர்டு வாங்கியவர், 2022இல் போர்டைத் தொடக்கி இயக்கும் மென்பொருளான பயோஸை மட்டும் புதுப்பித்து அதே போர்டில் ரைசன் 7 5800எக்ஸ்3டியை வைக்க முடிந்தது. ஐந்து ஆண்டு, ஒரே போர்டு, ஒரே ரேம்.

2. எல்ஜிஏ 1851. இன்டெலின் கோர் அல்ட்ரா 200எஸ் வரிசைக்காக 2024 அக்டோபரில் வந்தது. வீடியோ எடிட்டிங் போன்ற வேலைகளில் கோர் அல்ட்ரா 7 265கே நல்ல பிராசஸர். 20 கோர், முந்தைய தலைமுறையைவிட மின்செலவும் குறைவு. விளையாட்டில்தான் அந்த வரிசை எதிர்பார்ப்பைத் தொடவில்லை. சில விளையாட்டுகளில் இன்டெலின் சொந்த 14ஆம் தலைமுறைக்கே பின்தங்கியது. நோவா லேக் இந்தச் சாக்கெட்டில் உட்காரும் என்று இன்டெல் வாக்குத் தரவில்லை. விளையாட்டுக்காக மட்டும் வாங்குபவர் இந்தப் போர்டில் எதிர்காலத்தை எதிர்பார்த்துக் காசு போடக்கூடாது.

3. எல்ஜிஏ 1700. இன்டெல் 12, 13, 14ஆம் தலைமுறைகளின் சாக்கெட். பயணம் முடிந்துவிட்டது. பழைய பொருள் சந்தையில் மலிவாகக் கிடைப்பதால் ஆசை காட்டும். ஆனால் 13, 14ஆம் தலைமுறையில் 65 வாட்டும் அதற்கு மேற்பட்டதுமான டெஸ்க்டாப் பிராசஸர்கள், தேவைக்கு மேல் மின்னழுத்தம் வாங்கித் தாமே தேய்ந்துபோகும் கோளாறுக்கு ஆளாகக்கூடியவை என்று 2024இல் இன்டெல் ஒப்புக்கொண்டது. ஆகஸ்டில் 0எக்ஸ்129 என்ற மைக்ரோகோட் (பிராசஸரின் உள்கட்டளை) திருத்தம் பயோஸ் வழியாக வந்தது, அடுத்த மாதம் 0எக்ஸ்12பி. வாரண்டியும் இரண்டு ஆண்டு நீட்டிக்கப்பட்டது. திருத்தம் இனிமேல் தேயாமல் காக்கும், ஏற்கனவே தேய்ந்ததை மீட்காது. முன்னாள் உரிமையாளர் பயோஸ் புதுப்பிக்காமல் ஓடவிட்ட ஐ9 பிராசஸர் ஒன்றை ரசீது இல்லாமல் வாங்குவது சூதாட்டம்.

அறிவிப்பு வேறு, கடைக்கு வருவது வேறு

'ஜென் 6 வரப்போகிறது' என்பதைக் கேட்டதும், அந்த நாளிலேயே விளையாட்டுக்கான சிறந்த பிராசஸரும் வந்துவிடும் என்று தோன்றும். கடந்தகாலம் அப்படிச் சொல்லவில்லை. ரைசன் 5000 வரிசை 2020 நவம்பரில் வந்தது, அதன் 5800எக்ஸ்3டி 2022 ஏப்ரலில்தான், அதாவது 17 மாதம் கழித்து. ரைசன் 7000 வந்தது 2022 செப்டம்பர், 7800எக்ஸ்3டி 2023 ஏப்ரல். ரைசன் 9000 வந்தது 2024 ஆகஸ்ட், 9800எக்ஸ்3டி அதே ஆண்டு நவம்பர். இடைவெளி சுருங்கிக்கொண்டே வந்திருக்கிறது, ஆனால் ஒருமுறையும் சுழியமாகவில்லை.

அறிமுக விலைக்குக் கிடைக்கும் என்பதும் உறுதியில்லை. 9800எக்ஸ்3டி 479 அமெரிக்க டாலருக்கு அறிமுகமாகி, முதல் மாதங்களில் உலகெங்கும் கையிருப்பு இல்லாமல் தவித்தது. புதிய சாக்கெட் என்றால் மதர்போர்டுகளும் முதலில் விலையுயர்ந்த வகைகளாகவே வரும், மலிவான பி வகைப் போர்டுகள் பிறகுதான். முதல் பயோஸ் பதிப்புகளில் கோளாறுகளும் இருக்கும். 2023இல் சில ஏஎம்5 போர்டுகள் எக்ஸ்3டி பிராசஸர்களுக்கு அளவுக்கு மீறி எஸ்ஓசி மின்னழுத்தம் (ரேமைக் கட்டுப்படுத்தும் பகுதிக்குப் போவது) கொடுத்துக் கருகவைத்த பிறகுதான் ஏஎம்டி அதற்கு 1.3 வோல்ட் என்று வரம்பு கட்டியது. புதிய தளத்தை முதல் மாதத்திலேயே வாங்குபவர் சோதனையாளர் வேலையையும் சேர்த்து ஏற்கிறார். 'அடுத்தது வரட்டும்' என்று காத்திருப்பவர் அறிவிப்புத் தேதியோடு ஆறு மாதத்தைக் கூட்டிக்கொண்டு கணக்குப் போடட்டும்.

ரேம் ஏன் இந்த விலை?

ரேம் செய்யப் பயன்படும் டிராம் நினைவகத்தில், உலக அளவில் மிகப் பெரும்பகுதியைச் செய்வது மூன்று நிறுவனங்கள்: சாம்சங், எஸ்கே ஹைனிக்ஸ், மைக்ரான். செயற்கை நுண்ணறிவு சர்வர்களுக்கு வேண்டிய எச்பிஎம் என்ற அடுக்கு நினைவகமும் இதே ஆலைகளில், இதே சிலிக்கன் வட்டுகளிலிருந்துதான் வருகிறது. ஒரே அளவு நினைவகத்துக்கு எச்பிஎம் ஏறத்தாழ மூன்று மடங்கு வட்டுப் பரப்பை விழுங்கும். லாபமும் அதில் அதிகம். ஆக எச்பிஎம் ஒரு பங்கு கூடினால் நம் டிடிஆர்5 மூன்று பங்கு சுருங்குகிறது. 2025 டிசம்பரில் மைக்ரான், பொதுமக்களுக்கு விற்றுவந்த குரூஷியல் வணிகத்தையே மூடுவதாக அறிவித்தது. ஜொகூரில் எழும் தரவு மையங்களின் செய்தியைப் பெருமையோடு படிக்கும் நாம், அதே பசிதான் நம் ரேமின் விலையையும் ஏற்றுகிறது என்பதையும் தெரிந்துகொள்ள வேண்டும். கிராபிக்ஸ் கார்டின் நினைவகமும் இதே மூன்று பெயர்களிடமிருந்துதான் வருகிறது, அதுவும் தப்பாது.

புதிய ஆலை கட்டி உற்பத்திக்கு வர ஆண்டுகள் ஆகும். 'தீபாவளிக்குள் இறங்கிவிடும்', '11.11 மலிவு விற்பனையில் பார்க்கலாம்' என்ற பழைய கணக்கு இங்கே செல்லாது.

இந்தச் சூழலில் ரேம் வாங்கும் முறை:

1. 16 ஜிபி குச்சி இரண்டு, மொத்தம் 32 ஜிபி, ஒரே பெட்டியில் வந்த ஜோடியாக. கேமிங்குக்கு இதற்கு மேல் இப்போது தேவையில்லை. 64 ஜிபி வேண்டாம்.

2. 'இப்போது இரண்டு, பிறகு இரண்டு' என்று நான்கு குச்சிக்குத் திட்டமிடாதீர்கள். ஏஎம்5இல் நான்கு குச்சி போட்டால் ஏஎம்டி உறுதி தரும் வேகம் டிடிஆர்5-3600 மட்டுமே. வேறு வேறு ஜோடிகளைக் கலந்தால் பிசி எழும்பாமலும் போகலாம்.

3. வேகத்தை அளக்க இரண்டு எண் வேண்டும். 6000 என்பது வேகம், சிஎல் என்பது தகவல் வரக் காத்திருக்கும் சுற்றுகள். டிடிஆர்5-6000 சிஎல்30 என்றால் 30ஐ 6000இன் பாதியான 3000ஆல் வகுத்து ஆயிரத்தால் பெருக்கினால், 10 நானோநொடி. அதே 6000 சிஎல்36 என்றால் 12 நானோநொடி. எக்ஸ்3டி அல்லாத ரைசனுக்கு இந்த வித்தியாசம் உறைக்கும், முடிந்தால் சிஎல்30 வாங்குங்கள். எக்ஸ்3டியோ பெரிய கேஷின் தயவில் ரேமை அதிகம் எதிர்பார்க்காது. டிடிஆர்5-5600 அல்லது 6000 சிஎல்36 போட்டாலும் சிறிதளவே இழப்பு. ரேம் விலை எகிறிய காலத்தில் இது எக்ஸ்3டியின் மறைமுக லாபம்: மலிவான ரேமோடு நிம்மதியாக ஓடும்.

4. பணம் போதவில்லை என்றால் 8 ஜிபி குச்சி இரண்டை வாங்கி, விலை இறங்கியதும் முழுமையாக மாற்றுங்கள். ஒரே ஒரு 16 ஜிபி குச்சி போட்டால் ரேமின் பாதை பாதியாகக் குறுகி, ஃப்ரேம்கள் திக்கித் திக்கி வரும்.

யார் எதை வாங்கலாம்

ஏஎம்4 போர்டும் 16 அல்லது 32 ஜிபி டிடிஆர்4 ரேமும் கையில் இருப்பவர்கள் இன்று மிக நல்ல நிலையில் இருக்கிறார்கள். அந்த ரேமை விற்றுவிடாதீர்கள். ரைசன் 3600 போன்ற பழையது இருந்தால் பயோஸைப் புதுப்பித்து ரைசன் 7 5700எக்ஸ் ஒன்றைப் பொருத்துங்கள். 5700எக்ஸ்3டி, 5800எக்ஸ்3டி இரண்டும் புதிதாகக் கிடைப்பது அரிதாகிவிட்டது. கண்ணில் பட்டால் விடாதீர்கள். கிராபிக்ஸ் கார்டு மாற்றும்போது ஒரு நுணுக்கம் கவனிக்க வேண்டும். கார்டும் போர்டும் தகவல் பரிமாறுவது பிசிஐஇ பாதைகள் வழியாக. ஆர்டிஎக்ஸ் 5060 டிஐ எட்டுப் பாதை மட்டுமே பயன்படுத்தும் கார்டு, ஆர்எக்ஸ் 9060 எக்ஸ்டி பதினாறு பாதையையும் பயன்படுத்தும். பி450 போன்ற, மெதுவான பிசிஐஇ 3.0 கொண்ட போர்டில் பாதைகளின் எண்ணிக்கை பொருட்டாகும், அங்கே 9060 எக்ஸ்டி பொருத்தமானது. எந்தக் கார்டானாலும் 16 ஜிபி வகையையே பாருங்கள். இரண்டும் 8 ஜிபி வகையிலும் அதே பெயரில் விற்கப்படுகின்றன, ரசீதில் எண்ணைச் சரிபாருங்கள்.

புதிதாகத் தொடங்குபவர், 1080பி அல்லது 1440பியில் 100 ஃப்ரேம் அளவு போதும் என்பவர்: ஏஎம்5 சாக்கெட் கொண்ட பி650 அல்லது பி850 போர்டு, ரைசன் 5 7600 அல்லது 9600எக்ஸ். மிச்சப் பணம் கிராபிக்ஸ் கார்டுக்கு. இன்னும் இரண்டு மூன்று ஆண்டில் பழைய எக்ஸ்3டியோ புதிய தலைமுறையோ மலிவாகும்போது பிராசஸரை மட்டும் மாற்றலாம். இதுதான் பெரும்பாலோருக்கும் சரியான வழி. இதில் இப்போதைய பிராசஸர் ஒரு வாடகை வீடு போல, நிலம்தான் சொந்தம்.

1440பியில் 144 ஃப்ரேமுக்கு மேல் வேண்டுவோர் 7800எக்ஸ்3டி, 9800எக்ஸ்3டி இரண்டில் விலை எது ஒத்துவருகிறதோ அதை எடுத்து, ஆர்டிஎக்ஸ் 5070 டிஐ அல்லது ஆர்எக்ஸ் 9070 எக்ஸ்டி சேர்க்கலாம்.

காத்திருக்க வேண்டியவர்களும் உண்டு. இப்போதுள்ள பிசி தொல்லையில்லாமல் ஓடுகிறது, இன்டெல்தான் வேண்டும் என்பவர்கள் நோவா லேக்கைப் பார்த்துவிட்டு முடிவு செய்யட்டும்.

மதர்போர்டில் எக்ஸ்870 என்ற பெயருக்கு அதிகம் கொடுக்கத் தேவையில்லை. அதன் முக்கிய வேறுபாடு கட்டாய யுஎஸ்பி4. பி840 பெயரில் பி850 போலத் தெரியும், ஆனால் அதன் சிப்செட் (போர்டின் வசதிகளைத் தீர்மானிக்கும் சில்லு) வேறு, வசதிகள் குறைவு, ஏமாற வேண்டாம்.

முப்பத்திரண்டு பாகை அறையும் மாலை இடியும்

இணையத்தில் பார்க்கும் பிராசஸர் சோதனைகள் பெரும்பாலும் 21, 22 பாகை குளிரறையில் நடந்தவை. ஏர்கோன் போடாத கோலாலம்பூர் அடுக்குமாடி அறையில் பிற்பகல் 31, 32 பாகை இருக்கும். அறை 10 பாகை கூடினால் பிராசஸரும் கார்டும் ஏறத்தாழ அதே 10 பாகை கூடும். அங்கே 75 காட்டியது இங்கே 85 காட்டினால் கூலர் பழுது என்று அர்த்தமில்லை. 9800எக்ஸ்3டியின் உச்ச வரம்பு 95 பாகை. விளையாட்டில் அது 100 வாட்டுக்குள்ளேயே பெரும்பாலும் நிற்பதால், நல்ல இரட்டைக் கோபுர ஏர் கூலர் தாராளமாகப் போதும். பணம் மிஞ்சினால் தண்ணீர்க் கூலருக்குப் பதில், முன்பக்கம் வலையாகத் திறந்த கேசிங்குக்குக் கொடுங்கள். முன்னால் இரண்டு விசிறி உள்ளே இழுக்க, பின்னால் ஒன்று வெளியே தள்ள. முன்பக்கம் கண்ணாடியால் மூடிய கேசிங் கடை விளக்கில் அழகு, நம் வெயிலில் அடுப்பு.

அறையையும் கணக்கில் எடுங்கள். விளையாடும்போது 450 வாட் இழுக்கும் பிசி மணிக்கு ஏறத்தாழ 1,535 பிடியு சூட்டை அறைக்குள் கொட்டுகிறது. ஒரு குதிரைத்திறன் ஏர்கோனின் திறன் சுமார் 9,000 பிடியு. அதில் ஆறில் ஒரு பங்கு பிசிக்கே போய்விடுகிறது.

பவர் சப்ளைக்குக் கணக்கு எளிது. 9800எக்ஸ்3டி உச்சத்தில் 162 வாட், ஆர்டிஎக்ஸ் 5070 டிஐ 300 வாட், மற்றவை 75 வாட், மொத்தம் 537. கிராபிக்ஸ் கார்டு நொடியின் சிறு பகுதிக்குத் திடீரென்று அதிகம் இழுக்கும், ஆகவே அதைத் தாங்கும் ஏடிஎக்ஸ் 3.1 தரத்தில் 750 வாட். ரைசன் 7600உம் 9060 எக்ஸ்டியும் என்றால் 88, 160, 75 சேர்த்து 323, அங்கே 550 அல்லது 650 போதும்.

கிள்ளான் பள்ளத்தாக்கின் மாலை இடியை அறியாதவர் இல்லை. சர்ஜ் பாதுகாப்புள்ள எக்ஸ்டென்ஷன் வாங்கும்போது சிரிம் முத்திரை பாருங்கள். சுவர் பிளக்கில் எர்த் இணைப்பு சரியாக இல்லாவிட்டால் பெரும்பாலான சர்ஜ் பாதுகாப்பும் ஒழுங்காக வேலை செய்யாது. உள்ளே இருக்கும் பாகம் ஒவ்வோர் அதிர்ச்சிக்கும் கொஞ்சம் தேய்வதால், பாதுகாப்பு விளக்கு அணைந்த எக்ஸ்டென்ஷனைத் தூக்கி எறியுங்கள். இடி நெருங்குமுன்பே மூன்று முனை பிளக்கைக் கழற்றி வைப்பதற்கு நிகரான பாதுகாப்பு எதுவுமில்லை. ரூட்டரிலிருந்து வரும் கேபிளையும் சேர்த்துக் கழற்றுங்கள்.

வாங்கும்போது

பெட்டியில் வரும் பிராசஸருக்கும், பெட்டியில்லாமல் தனியாக விற்கும் டிரே பிராசஸருக்கும் விலை வித்தியாசம் உண்டு. டிரே வகைக்கு வாரண்டி பெரும்பாலும் கடைக்காரரின் வாக்கு மட்டுமே. ஷோப்பியிலும் லாசாடாவிலும் வெளிநாட்டு விற்பனையாளரிடம் வாங்கினால் பழுதான பொருளை எல்லை தாண்டி அனுப்ப நேரும். 500 ரிங்கிட்டுக்கு மேற்படாத இறக்குமதிப் பொருளுக்கு 2024 ஜனவரி முதல் 10 விழுக்காடு வரியும் விலையில் சேர்கிறது. ரேமும் கிராபிக்ஸ் கார்டும் உள்ளூர் விநியோகஸ்தரின் ஸ்டிக்கரோடு இருப்பது நல்லது, ஸ்டிக்கர் கிழிந்தால் வாரண்டியும் கிழியும்.

பழைய கையிருப்பு பி650 போர்டில் ரைசன் 9000 வைத்தால் எழும்பாமல் போகலாம், பயோஸ் பழையது. போர்டின் பின்பக்கம் பயோஸ் ஃப்ளாஷ்பேக் பொத்தான் இருக்கிறதா என்று வாங்குமுன் பாருங்கள். இருந்தால் பிராசஸர் இல்லாமலேயே புதுப்பிக்கலாம்: தம்ப் டிரைவை ஃபேட்32 ஆக ஃபார்மேட் செய்து, பயோஸ் கோப்பைக் கையேடு சொல்லும் பெயருக்கு மாற்றி, குறியிட்ட யுஎஸ்பி துளையில் செருகி, பொத்தானை அழுத்தி, விளக்கு மின்னி ஓயும்வரை தொடாமல் விடுங்கள்.

அசெம்பிள் செய்யும் நாளில் எங்கே தவறுகிறது

1. ஏஎம்5இல் ஊசிகள் பிராசஸரில் கிடையாது, சாக்கெட்டில் உள்ளன. பிராசஸரின் மூலையிலுள்ள பொன் முக்கோணத்தைச் சாக்கெட்டின் முக்கோணத்தோடு பொருத்தி, நேராக இறக்கி வையுங்கள். அழுத்தவோ நகர்த்தவோ கூடாது. கறுப்பு பிளாஸ்டிக் மூடியை முதலில் கழற்ற வேண்டாம், நெம்புகோலை இறக்கும்போது தானே தெறித்து வரும். அதைப் பத்திரப்படுத்துங்கள், வாரண்டிக்கு அனுப்பும்போது கேட்பார்கள்.

2. இரண்டு ரேம் குச்சிகளும் பிராசஸரிலிருந்து எண்ணி இரண்டாவது, நான்காவது துளைகளில். ஒன்றிலும் மூன்றிலும் போட்டால் வேகம் ஏற மறுக்கும்.

3. கூலரின் அடிப்பகுதியில் ஒட்டியிருக்கும் பிளாஸ்டிக் தாளை உரித்தீர்களா? உரிக்காமல் மாட்டியதால் எழும்பிய சில நிமிடத்தில் 95 பாகை தொடும் பிசிகள் இன்றும் கடைக்கு வருகின்றன.

4. பிராசஸருக்கான 8 முனை கேபிளும் கிராபிக்ஸ் கார்டுக்கான 8 முனை கேபிளும் ஒரே மாதிரி தெரியும், வேறு வேறு. பவர் சப்ளையோடு வந்த கேபிளை மட்டுமே பயன்படுத்துங்கள். வேறொரு பவர் சப்ளையின் கேபிள் துளையில் சரியாக நுழையும், ஆனால் உள்ளே வயர் வரிசை மாறியிருந்தால் எஸ்எஸ்டியும் போர்டும் எரியும்.

5. புதிய ஆர்டிஎக்ஸ் கார்டுகளின் 12வி-2x6 கேபிளை இடைவெளி துளியும் தெரியாமல் ஆழமாகச் செருகுங்கள். செருகிய இடத்திலிருந்து முதல் மூன்றரை சென்டிமீட்டர் வளையாமல் இருக்கட்டும். பாதி செருகிய முனையில் மின்னோட்டம் சில ஊசிகளின் மேல் மட்டும் ஏறி பிளாஸ்டிக் உருகும்.

6. மானிட்டர் கேபிள் கிராபிக்ஸ் கார்டில். மதர்போர்டில் செருகிவிட்டு 'புதுக் கார்டு மெதுவாக இருக்கிறது' என்று தவிப்பது மிகச் சாதாரணமான தவறு.

7. முதல் தடவை பொத்தானை அழுத்தியதும் விசிறிகள் சுழலும், திரை கறுப்பாகவே இருக்கும். டிடிஆர்5 ரேமின் கம்பிகளுக்கு ஏற்ற நேரக்கணக்கைப் போர்டு பழகிக்கொண்டிருக்கிறது. இதற்குச் சில நிமிடங்கள், 32 ஜிபிக்கு மேல் போனால் இன்னும் அதிகம் ஆகும். பயந்துபோய் நடுவில் நிறுத்தினால் மறுபடி முதலிலிருந்து. பத்து நிமிடம் கையைக் கட்டிக்கொண்டு உட்காருங்கள்.

8. திரை வந்ததும் பயோஸில் ரேமை அதன் முழு வேகத்துக்கு அமைக்கும் எக்ஸ்போவை இயக்குங்கள், இல்லாவிட்டால் 6000க்குக் காசு கொடுத்த ரேம் 4800இல் ஓடும். விண்டோஸ் 11 நிறுவிய பிறகு மானிட்டரின் ஹெர்ட்ஸை அமைப்பில் உயர்த்துங்கள், 144 ஹெர்ட்ஸ் திரை பெரும்பாலும் 60இல்தான் தொடங்கும்.

9. எக்ஸ்போ இயக்கிய அன்றிரவே ரேம் சோதனை நிரல் ஒன்றை விடியும்வரை ஓடவிடுங்கள். காலையில் ஒரே ஒரு பிழை காட்டினாலும், கடைக்காரர் அங்கேயே புதியதாக மாற்றித் தரும் முதல் ஏழு நாளுக்குள் ரேமை எடுத்துக்கொண்டு போய்விடுங்கள். அந்த நாட்கள் கடந்தால் அது விநியோகஸ்தருக்குப் போய் வாரக்கணக்கில் திரும்பாது. இந்த விலையில் இடையில் ஓட்ட இன்னொரு ஜோடி வாங்கிவிடவும் முடியாது.